அடைக்கலக் கடன்

கொட்டாஞ்சேனையில் வாழ்பவனுக்குப் பொழுது இரண்டு மணியோசைகளோடு புலரும். ஒன்று புனித லூசியாள் பேராலயத்து மணி; மற்றது பொன்னம்பலவாணேசுவரர் கோயில் மணி. முதலில் ஒலிப்பது எது என்று என் மனைவியும் நானும் வழக்காடியதுண்டு. ஜம்பட்டா வீதிக்கு அணித்தாக நான் குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின. அதற்குமுன் ஓராண்டுக் காலம், வடக்கிலிருந்து வந்தோர் அனைவரும் அறிந்த ‘லொட்ஜ்’ அறை ஒன்றிலே, நால்வரோடு ஐந்தாமவனாகப் பாய் விரித்துக் கிடந்தேன். ஊர் என்னவென்று கேட்போரிடம் கொட்டாஞ்சேனை என்று சொல்லப் பழகிவிட்டேன். மாந்தை என்று சொன்னால் பின்னும் பல கேள்விகளுக்கு விடை கூறவேண்டும்.

என்னிடமுள்ள தொல்காப்பியப் பொருளதிகாரப் பிரதியினுள்ளே ஒரு தபால் அட்டை இருக்கிறது. 1999ஆம் ஆண்டு மார்கழி மாதம் எழுதப்பட்டு, யாரோ ஒருவர் கையில் வவுனியா வரை வந்து, அங்கே தபாலிடப்பட்டு, தைப்பொங்கலுக்கு முன்னாள் என் கையை அடைந்தது. அதில் நான்கு வரிகளே உண்டு. “தம்பி, பள்ளி விடுமுறையில் மூன்று கிழமைக்கேனும் இங்கு வந்து பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க இயலுமா? பலகை உண்டு. சுண்ணக்கட்டி உண்டு. ஆசிரியர் இல்லை.” எழுதியவர் மடுவிலே இடம்பெயர்ந்தோருக்குப் பணிசெய்த ஒரு குருவானவர். அவ்வட்டைக்கு நான் மறுமொழி எழுதவில்லை. வழி அடைபட்டிருந்தது, அனுமதிச் சீட்டுக் கிடைப்பது அரிது, வீட்டிலே கைக்குழந்தை என்று காரணங்கள் பல இருந்தன. அவை யாவும் உண்மையே. ஆயினும், அவற்றுள் ஒன்றையாவது ஓர் அட்டையில் எழுதித் தபாலிட்டிருக்கலாமன்றோ? அச்சமும் வெட்கமும் எழுதவிடவில்லை. கால் நூற்றாண்டு அவ்வாறே கழிந்தது.

சென்ற ஆவணியிலே, மடுத் திருவிழா முடிந்த மறுவாரம், நண்பர் ஒருவர் வந்தார். அவர் என்னோடு ஒரே பள்ளியில் இருபது ஆண்டுகள் கணிதம் கற்பித்தவர், கத்தோலிக்கர், கொட்டாஞ்சேனையிலேயே பிறந்தவர். “மாஸ்டர், சுவாமி மன்னாரிலதான் இருக்கிறார். எண்பத்தாறு வயதாம். இனியும் பிந்தினால் சரிவராது” என்றார். அந்த அட்டையைப் பற்றி அறிந்த ஒரே மனிதர் அவர். மூன்றாம் நாள் விடியலில் வான் ஒன்றில் புறப்பட்டோம். சாரதி வத்தளையைச் சேர்ந்த சிங்களவர். தமிழை எங்களைப் போலவே பேசுவார். ஆண்டுதோறும் குடும்பத்தோடு மடுவுக்குப் போகிறவர். வழியைச் சொல்லவேண்டிய தேவையே எங்களுக்கு இருக்கவில்லை.

நேரே செல்லாமல் நண்பர்களைக் கண்டு செல்வதென்பது கணித ஆசிரியரின் ஏற்பாடு. நீர்கொழும்பிலே முன்னாள் ஆசிரியை ஒருவரின் வீட்டில் காலையுணவு. எங்களோடு படிப்பித்தவர், ஓய்வு பெற்றபின், அயலிலுள்ள கன்னியர் மடத்தாரோடு சேர்ந்து, புகலிடம் நாடி வந்த பிறநாட்டுப் பிள்ளைகளுக்கு வாரம் இருநாள் பாடம் சொல்லிக் கொடுத்தவர். பாகிஸ்தானிலிருந்து வந்த அகமதியர், அந்நாட்டுக் கிறிஸ்தவர், ஆப்கானியர் எனப் பலர் அக்காலத்தில் நீர்கொழும்பிலே வாடகை வீடுகளில் தங்கியிருந்தனர். இலங்கை 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் ஒப்பமிடாத நாடு. ஆதலால் அவர்களுக்கு இங்கே நிலையான இடமில்லை, வேலை செய்யும் உரிமையுமில்லை. வேறொரு நாடு ஏற்குமட்டும் காத்திருப்பதே அவர்கள் தொழில்.

2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்ததை நேயர்கள் அறிவர். எங்கள் கொட்டாஞ்சேனைக்கு அயலிலுள்ள கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், கொழும்பின் விடுதிகளிலும் குண்டு வெடித்தது. கட்டுவாப்பிட்டியில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த சில நாட்களில், அப்பிறநாட்டு மக்கள் ஆயிரம் பேருக்கு மேல் வாடகை வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். தம் நாட்டிலே குண்டுக்கு அஞ்சி ஓடிவந்தவர்கள், இங்கே குண்டு வைத்தவர்களின் இனத்தாராகக் கருதப்பட்டார்கள். பள்ளிவாசலிலும் பொலீஸ் நிலைய வளவிலும் அவர்கள் கூட்டங் கூட்டமாகத் தங்கினார்கள்.

“என்ர தெருவில மூன்று வீட்டில பிரேதம்,” என்றார் ஆசிரியை. “அந்த மூன்று வீட்டுக்கும் போய் அழுதிட்டு, பின்னேரம் சோறு கட்டிக்கொண்டு அவையிட்டப் போனன். தெருவில சிலபேர் என்னோட கதைக்கிறதை விட்டிட்டினம். இரண்டு வருஷம் கதைக்கேல்லை.”

கதைக்காது விட்டவர்களைப் பற்றி அவர் குறை கூறவில்லை. “அவையின்ர பிள்ளையள் செத்தது” என்று மட்டும் சொல்லிவிட்டு, எங்களுக்கு இன்னும் இரண்டு அப்பம் வைத்தார். கனடாவிலிருந்து பழைய மாணவி ஒருத்தி அனுப்பிய படத்தைக் காட்டினார். பனியிலே நின்று சிரிக்கும் பெண். உருது பேசும் வீட்டுப் பிள்ளை, படத்தின் கீழே சிங்கள எழுத்தில் நன்றி எழுதியிருந்தாள்.

புத்தளத்தில் இறங்கியது என் பொருட்டு. எருக்கலம்பிட்டியிலே பிறந்து, மன்னாரில் என்னோடு உயர்தரம் படித்த தோழன் அங்கே கடை வைத்திருக்கிறான். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில், வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர். மன்னார்த் தீவில் வாழ்ந்தோர் சில நாள் தவணையில், கையில் எடுக்கக் கூடியதை எடுத்துக்கொண்டு, தோணிகளிலும் வள்ளங்களிலும் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். அவ்வேளை நான் மடுவிலே ஒரு மரத்தடியில் அகதியாக இருந்தேன். செய்தி எங்களுக்கும் வந்தது. எங்கள் துன்பம் பெரிதென்று நாங்கள் இருந்துவிட்டோம். தமிழின் பெயரால் நிகழ்ந்த அச்செயலைப் பற்றித் தமிழ் படிப்பித்து வயிறு வளர்த்த நான் எங்கும் ஒரு வரி எழுதியவனல்லன். இப்பொழுது எழுதுகின்றேன்.

தோழன் அதைப்பற்றி என்னிடம் என்றும் கேட்டதில்லை. “மச்சான், வா, தலை எல்லாம் வெளுத்துப்போச்சு” என்று கட்டியணைத்தான். பிளேன் டீயும் தொதலும் வந்தன. அவன் தந்தையார் கடைசிவரை எருக்கலம்பிட்டி வீட்டுச் சாவியை இடுப்பிலே வைத்திருந்தவர். வீடு இடிந்து, கதவும் நிலையும் போய், சாவி மட்டும் எஞ்சியது. அதை என்ன செய்தாய் என்று கேட்டேன். “மையத்தோட வைக்க ஏலாதே. மேசை லாச்சிக்குள்ள கிடக்கு” என்றான்.

புத்தளத்திலிருந்து அநுராதபுரம், அங்கிருந்து மதவாச்சி. பின் மேற்கே திரும்பி மன்னார் வீதி. இந்த வழியை விரித்துரைக்க வேண்டியதில்லை. வீதி நன்றாக இருக்கிறது; சோதனைச் சாவடிகள் இல்லை; சாரதி பழைய சிங்களப் பாட்டுகளைப் போட்டுக்கொண்டே வந்தார். செட்டிகுளப் பக்கம் நெருங்கியதும் பாட்டை நிறுத்தினார். கையால் ஒருபுறம் சுட்டி, “அந்தப் பக்கம்தான் மெனிக்பாம்” என்றார்.

2009ஆம் ஆண்டு போர் முடிந்தபோது, வன்னியிலிருந்து வெளிவந்த ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்களிற் பெரும்பாலோர் அங்கேதான் முட்கம்பி வேலிக்குள் வைக்கப்பட்டனர். 2012ஆம் ஆண்டு செப்டெம்பரிலேதான் அம்முகாம் முற்றாக மூடப்பட்டது. அரசாங்கத் தாள்களில் அதற்கு ‘நலன்புரி நிலையம்’ என்று பெயர். முகாமின் பகுதிகளுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி, கதிர்காமர் என்று பெயரிட்டிருந்தார்கள். எங்கள் கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசுவரத்தைத் தம் தந்தையார் கட்டிய இடத்திலேயே 1907 முதல் 1912 வரை கருங்கல்லால் எடுப்பித்தவர் அந்தச் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவர் கட்டிய மண்டபத்திலே நாள்தோறும் விபூதி பூசுகிறவன், அவர் பெயர் தாங்கிய முட்கம்பி வேலியைப் பத்திரிகைப் படத்திலே பார்த்தபோது, பெயரிட்டவரின் எண்ணம் யாதென்று தெரியாமல் திகைத்தேன். இன்றும் தெரியவில்லை.

சொல்லைப் பற்றிப் பேச்செடுத்தமையால் இன்னும் ஒன்று. ‘அகதி’ என்பது வடசொல். கதியற்றவர் என்பது பொருள். தனித்தமிழ் விழைவோர் ‘ஏதிலி’ என்பர். பழைய நூல்களிலே ஏதிலார் என்றால் அயலார் என்றே பொருள். கதியற்றவனுக்கும் அயலானுக்கும் இடையே தூரம் அதிகம். மடுவிலே எங்களைக் கண்ட கன்னியர்கள் இவ்விரு சொற்களில் எதையும் வழங்கினாரல்லர். ‘வந்த சனம்’ என்பார்கள். “வந்த சனத்துக்குத் தண்ணி குடுத்தாச்சோ?” என்பதே எங்கள் செவியிற் பட்ட முதல் வார்த்தை.

1990ஆம் ஆண்டு ஆனியில் போர் மறுபடி மூண்டபோது, நான் இருபது வயது இளைஞன். மாந்தையிலே, திருக்கேதீச்சரக் கோயிலுக்கு அயலில் எங்கள் சிற்றூர். தந்தையார் கமக்காரர், கட்டுக்கரைக் குளத்து நீரில் நெல் விளைவித்தவர். தாயார், தந்தையார், தங்கை, நான் என நால்வரும் உழவு இயந்திரப் பெட்டி ஒன்றில் ஏறி மடுவை அடைந்தோம். சைவர்களாகிய எங்களுக்கு அங்கே இடமுண்டா என்ற ஐயம் தந்தையாருக்கு இருந்தது. வாயிலிலே நின்ற கன்னியர் ஒருவர், எண்பது குடும்பங்களுக்கு இடம் காட்டிக் களைத்திருந்தவர், எங்களைப் பார்த்துக் கேட்டது சமயத்தையன்று. “எத்தனை பேர்? சின்னப் பிள்ளை இருக்கோ?” என்றார். ஒரு பாலை மரத்தடி எங்களுக்குக் கிடைத்தது. மறுநாள் தாயார் தயங்கித் தயங்கி, பிள்ளையார் படம் வைக்க ஒரு மூலை வேண்டுமென்றார். அக்கன்னியர் பால்மா வந்த பெட்டி ஒன்றை எடுத்துவந்து, பலகையைத் தட்டி, மரத்தின் கிழக்குப் பக்கம் நிறுத்திவைத்தார்.

அந்தத் திருப்பதியின் வரலாறே ஓர் அகதி வரலாறு என்பதை அப்போது நான் அறியேன். 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைப்பட்டபின், கத்தோலிக்கர் தங்கள் வழிபாட்டை மறைவிலே நடத்தவேண்டி வந்தது. 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்த இருபது குடும்பத்தார் தம் ஆலயத்து மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு, கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்ட காட்டுள்ளே புகுந்து, மருதமடு என்னும் இடத்தை அடைந்தார்கள் என்பது அவர்கள் வழிவழிக் கூறும் செய்தி. மருத மரம் நின்ற மடு, மருதமடு. யாழ்ப்பாணத்திலிருந்தும் பலர் வந்து சேர்ந்தனர். அம்மக்களுக்குக் குருவாக, கோவையிலிருந்து, தமிழ்நாட்டுக் கோவையன்று, போர்த்துக்கேயர் ஆண்ட கோவாவிலிருந்து, 1687இல் மாறுவேடத்தில் வந்து ஊர் ஊராக நடந்தவர் யோசேப் வாஸ் அடிகளார். 1711இல் கண்டியில் மறைந்த அவரை, 2015ஆம் ஆண்டு தை 14ஆம் நாள் காலிமுகத் திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே மடுவுக்கும் சென்றார். ஆக, மாந்தையிலிருந்து மடுவுக்கு அடைக்கலம் தேடிச் சென்றவர்களில் எங்கள் குடும்பம் முதலாவதன்று. முந்நூற்றிருபது ஆண்டு பிந்தியது.

அவ்வாண்டின் இறுதியில், ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையகம் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை நடத்தத் தொடங்கியது. இரு தரப்பாரும் ஆயுதத்தோடு புகாத இடம் என்பது ஏற்பாடு. பல்லாயிரம் மக்கள் அங்கே கூடினர். காட்டு மண், ஓலைக் கொட்டில், மாரி மழை, நுளம்பு. மலேரியா பெருகியது. தங்கை உறவினரோடு படகேறி இராமேசுவரம் சென்று மண்டபம் முகாமை அடைந்தாள். தந்தையார் போக மறுத்தார். மாந்தை பன்னிரண்டு கட்டைதானே என்பார். உண்மையில் அதனினும் மிகுதி. ஆனால் மனத்திலே அவருக்கு அவ்வளவுதான்.

1991ஆம் ஆண்டு தை மாதம், காய்ச்சல் மூளைக்கேறி, மூன்றாம் நாள் இறந்தார்.

அந்தக் காட்டிலே சைவன் ஒருவனைத் தகனஞ் செய்வது எப்படி? விறகு இருந்தது, வெட்ட ஆளில்லை. நான் காய்ச்சலோடு கிடந்தேன். குருவானவர் தாமே கோடரி எடுத்துக்கொண்டு, இரண்டு இளைஞரோடு போய், காய்ந்த வீரை மரம் ஒன்றைத் தறித்தார். சிதை அடுக்கியபின் சற்றுத் தூரத்தில் ஒதுங்கி நின்று, “நான் கிட்ட வரலாமோ?” என்று தாயாரிடம் கேட்டார். தாயார் தலையசைத்தார். தேவாரம் ஓதவேண்டியவன் நான். திருக்கேதீச்சரத்துச் சம்பந்தர் பதிகம் தந்தையார் நாள்தோறும் பாடியது. எனக்கோ இரண்டு அடிக்கு மேல் வரவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. மறந்துபோனதா, முதலிலேயே தெரியாததா என்று அந்நேரம் ஆராய முடியவில்லை. மூன்றாம் அடியைத் தொடங்கி அப்பாட்டை முடித்தவர் அந்தக் குருவானவர். பண்ணோடு பாடவில்லை, பாடத்தை மெல்லச் சொன்னார். இளமையில் தமிழ்ப் பண்டிதர் ஒருவரிடம் திருமுறையும் கம்பனும் பாடங்கேட்டவர் என்று பிறகு அறிந்தேன்.

பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று படியும் ஏறி நான் பட்டம் பெற்றதற்குக் காரணம் யாதென்று மாணவர் கேட்பதுண்டு. தமிழ்க் காதல் என்று சொல்லிவந்தேன். அது முழு உண்மையன்று.

அவ்வாண்டு சித்திரை வரை, மரத்தடிப் பள்ளியிலே நாற்பது பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தேன். குருவானவர் சுண்ணக்கட்டிகளைப் பாதி பாதியாக முறித்துத் தருவார். பின் தாயாரோடு கொழும்புக்கு வந்துவிட்டேன். “திரும்பி வருவன் சுவாமி” என்று சொல்லி வந்தேன்.

இவ்விடத்திலே சிலப்பதிகாரம் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியவில்லை. கவுந்தியடிகள் சமணத் துறவி. கோவலன் கண்ணகியோ அவருக்கு உறவினரல்லர். வழியிற் கண்டவர்கள். அவர்களோடு காடும் நாடும் நடந்து, மதுரைப் புறஞ்சேரியிலே மாதரி என்னும் இடைக்குல முதுமகளிடம் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைத்தார். அடைக்கலக் காதையை நாம் வகுப்பிலே நயம்பட உரைக்கிறோம். அவ்விருவர்க்கும் பின்னர் நேர்ந்ததை மாணவர் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. நீர்ப்படைக் காதையிலே மாடலன் சொல்கிறான்: அடைக்கலம் இழந்தேன் என்று மாதரி தீப்புகுந்தாள், கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தார். அடைக்கலம் கொடுத்தவர் கொடுத்ததோடு நில்லாமல் விலையும் செலுத்தினர்.

மன்னாரிலும் கிழக்கிலும் அத்தகையோர் பலர். 1984 மார்கழியில் முருங்கனைச் சேர்ந்த மெதடிஸ்த குரு ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே, 1985 தை 6ஆம் நாள், வங்காலைப் பங்குக்குரு மேரி பஸ்தியன் அடிகளார் ஆலயத்திலே கொல்லப்பட்டார். 1990 ஆகஸ்ட் 15இல், அமெரிக்காவிலே பிறந்து நாற்பதாண்டுகளுக்கு மேல் கிழக்கிலங்கையிலே கற்பித்த இயேசு சபைக் குரு இயூஜின் ஹேபியர், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்புகையில், துணைவந்த தமிழ் இளைஞனோடு காணாமற் போனார். இயேசு சபையினரின் அகதிகள் பணி என்ற அமைப்பு 1980ஆம் ஆண்டு, வியட்நாமிலிருந்து படகுகளில் தப்பியோடிய மக்களின் அவலங் கண்டு, பேத்ரோ அருப்பே என்பவரால் தொடங்கப்பட்டது. கடல்கடந்த துயருக்காகத் தொடங்கிய பணி எங்கள் வாசலுக்கும் வருமென்று அவரும் எண்ணியிருக்கமாட்டார்.

1999 நவம்பர் 20ஆம் நாள் இரவு, மடு ஆலய வளவிலேயே எறிகணைகள் விழுந்தன. அடைக்கலம் புகுந்திருந்தோர் நாற்பது பேரளவில் மாண்டனர், குழந்தைகள் பலர். வானொலியிலே கேட்டேன். என் மரத்தடிப் பிள்ளைகள் அப்போது வளர்ந்திருப்பார்கள், அவர்கள் அங்கே இருக்கமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த மாதம்தான் அந்த அட்டை எழுதப்பட்டது.

நாங்கள் மடுவை அடைந்தபோது மாலை நான்கு மணி. திருவிழாக் கூட்டம் கலைந்து, வளவு பெருக்கப்பட்டிருந்தது. 2008ஆம் ஆண்டு ஏப்பிரலில் போர் நெருங்கியபோது, குருமார் சொரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குச் சென்றதும், அவ்வாண்டு ஆகஸ்டிலே அது மீண்டதும் நேயர்கள் நினைவிலிருக்கும். மாதாவே இரண்டாம் முறை இடம்பெயர்ந்தார் என்று சனங்கள் சொன்னார்கள். சாரதி மெழுகுதிரி ஏற்றி முழந்தாளில் நின்றார். கணித ஆசிரியர் செபமாலை எடுத்தார். நான் பாலை மரத்தைத் தேடினேன். ஒத்த மரங்கள் பல நின்றன. கிழக்குப் பக்கம் ஆணித்துளை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். முப்பத்துநாலு ஆண்டுக்குப் பின் மரத்திலே என்ன துளை இருக்கும்? அங்கு நின்ற காவலாளி, பொருள் ஏதும் தொலைத்துவிட்டேனா என்று சிங்களத்திலே கேட்டார். ஆம் என்றேன்.

பால்மாப் பெட்டி தந்த கன்னியர் மூன்று ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்து மடமொன்றிலே காலமானார் என்று அங்கே அறிந்தேன். அவர் பெயரை நான் ஒருபோதும் கேட்டறிந்ததில்லை. ‘சிஸ்டர்’ என்றே அழைத்தோம்.

மறுநாட் காலை, வழியிலே திருக்கேதீச்சரத்தில் இறங்கினேன். 2022ஆம் ஆண்டு குடமுழுக்கு நிகழ்ந்த கருங்கற்றளி பொலிவோடு நிற்கிறது. பாலாவியிலே கால் நனைத்தேன். பதிகம் முழுவதும் தடையின்றி வந்தது. நண்பர்கள் இருவரும் காலணியைக் கழற்றிவிட்டு வெளி மண்டபத்திலே காத்திருந்தார்கள். பின், கடற்பாலம் கடந்து மன்னார். கழுதைகள் வழக்கம்போல வீதியின் நடுவிலே நின்றன.

குருவானவர் சாய்மனைக் கதிரையில் இருந்தார். பார்வை மங்கியிருந்தது, குரல் மங்கவில்லை. காலில் விழுந்து எழுந்தேன். பெயரைச் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை.

“வீரை விறகு,” என்றார். “கொப்பருக்கு.”

நான் அட்டையை எடுத்து அவர் மடியிலே வைத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, வாசிக்கச் சொன்னார். நான்கு வரிகளையும் வாசித்தேன். காரணங்களைச் சொல்லத் தொடங்கினேன். கை காட்டி நிறுத்தினார்.

“அந்த மாதம் முப்பது பேருக்கு எழுதினனான். இரண்டு பேர் வந்தவை. நீர் வரேல்லை. வராதது பிழைதான், தம்பி.”

இவ்வளவு காலமும், அவர் என்னை மன்னித்துவிட்டார் என்றோ, மறந்துவிட்டார் என்றோ ஏதேனும் ஒரு சொல்லை எதிர்பார்த்திருந்தேன். அந்தச் சொல் வரவில்லை. வராதது எனக்கு ஒருவகை ஆறுதலாகவே இருந்தது. பண்டிதர் ஒருவர் பாடபேதத்தைப் பாடபேதமென்றே சொல்லிவிட்டாற் போல. கணித ஆசிரியர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பல பேசினோம். 1992 முதல் 2016 வரை மன்னார் ஆயராயிருந்து, 2021 ஏப்பிரல் முதலாம் நாள் மறைந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகையைப் பற்றிப் பேச்சு வந்தது. 2011ஆம் ஆண்டு அவர் ஆணைக்குழுவின் முன் சென்று, வன்னியில் இருந்தோர் கணக்குக்கும் வெளிவந்தோர் கணக்குக்கும் இடையே 1,46,679 பேருக்கு விடை இல்லை என்று எழுத்திலே கொடுத்தவர். “அவர் கணக்கில புலி,” என்று சிரித்தார் குருவானவர். “தலை எண்ணத் தெரிஞ்சவன்தான் மந்தை மேய்க்கலாம்.” அவரிடமும் ஒரு கணக்கு இருந்தது. மரத்தடிப் பள்ளியின் பதிவேடு மழையிலே போய்விட்டது. நாற்பது பேரில் பதினேழு பேரின் பெயரை மட்டும் அவர் நினைவிலிருந்து சொன்னார். நான் இரண்டு பெயர் சேர்த்தேன். இருபத்தொரு பேர் கிடைக்கவில்லை.

விடைபெறும் வேளை, நான் கொண்டுபோன கடித உறையை நீட்டினேன். என் சேமிப்பில் ஒரு பகுதி. பணிக்கு உதவட்டும் என்றேன். அவர் வாங்கவில்லை.

“காசு தர இப்ப வேற ஆக்கள் இருக்கினம். பின்னுக்கு ஒரு விடுதி இருக்கு. பதினொரு பிள்ளையள், சாதாரண தரச் சோதனைக்கு நிக்கினம். தாய் தகப்பன் இல்லாததுகளும் இருக்கு. தமிழுக்கு வாத்தியார் மாற்றலாகிப் போய் மூன்று மாதம். நீர் எப்ப திரும்பிறீர்?”

“இண்டைக்குப் பின்னேரம், சுவாமி.”

“பலகை இருக்கு,” என்றார்.

கணித ஆசிரியர் சாரதியைப் பார்த்தார். சாரதி, தன் மைத்துனன் வீடு பேசாலையில் இருக்கிறதென்றும், மீன் நன்றாகக் கிடைக்கிற காலமென்றும், தனக்கு அவசரமேதும் இல்லையென்றும் சொன்னார். மனைவிக்குத் தொலைபேசியிலே செய்தி சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, “வேட்டி எத்தனை கொண்டு போனீங்கள்?” என்று மட்டும் கேட்டார்.

ஐந்து நாள் தங்கினேன். முதல் நாள் இலக்கணம். இரண்டாம் நாள் அடைக்கலக் காதை. பின்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை, அடம்பன் பக்கத்தவள், கையை உயர்த்தினாள்.

“சேர், அந்தக் கவுந்தியடிகளுக்குப் பிறகு என்ன நடந்தது?”

சுண்ணக்கட்டியைப் பாதியாக முறித்து ஒன்றைச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு, நீர்ப்படைக் காதையைச் சொல்லத் தொடங்கினேன்.